மானமும் மௌனமும்: பெண்கள்மீதான வன்முறையும் நமது கலையும்

கலை சமுதாயத்தின் கண்ணாடி என்று நாம் பல்லாண்டுகளாகக் கூறி வருகிறோம். மாணவர் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுக்களிலும் புழங்கிப் புழங்கி இவ்வுவமை தேய்ந்து போயிற்று. ஆயினும் இதனைச் சற்று உரைத்துப் பார்த்தல் தகும். கண்ணாடி தன்முன் நிற்பதையே காட்டும். கதவுக்குப் பின்னால் நடப்பதைக் காட்டாது. பெண்கள்மீது இழைக்கப்படும் வன்முறையோ பெரும்பாலும் கதவுக்குப் பின்னால், ஆளற்ற வடலிக்குள், காவலரணின் மறைவில் நடப்பது. நடந்த பின்னர் அதனை மறைப்பதற்கு இழைத்தவனோடு ஊரும் உறவும் சேர்ந்து முயல்கின்றன. ஆகவே இவ்விடயத்தில் கலை வெறுங் கண்ணாடியாக இருந்து பயனில்லை. கதவைத் திறக்கும் கையாக இருத்தல் வேண்டும். நமது கலையும் இலக்கியமும் அக்கதவை எப்பொழுது திறந்தன, எப்பொழுது தாமே தாழ்ப்பாளாயின என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் அதன் மௌனமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள், மனிதர் வாழும் மிகச் சிறியவற்றுள் ஒன்று எழுவைதீவு. ஊர்காவற்றுறையில் படகேறித்தான் அங்குச் செல்லல் வேண்டும். பனையும் கடலுமே அம்மக்களின் செல்வம். அதற்குத் தெற்கே அனலைதீவு. அதற்கும் தெற்கே நயினாதீவு. அப்பால் புங்குடுதீவும் வேலணையும், நடுக்கடலில் தனித்து நெடுந்தீவும் உள்ளன. இவற்றைச் சேர்த்துத் தீவகம் என்று வழங்குவர்.

இத்தகைய ஒரு சிறு தீவில் வாழும் பெண்ணுக்கு ஓர் அநீதி நேர்ந்தால் அவள் யாரிடம் சென்று முறையிடுவாள்? நீதிமன்றத்தின் படியை மிதிக்க வேண்டுமானால் அவள் கடலைக் கடக்க வேண்டும். எல்லாரும் எல்லார்க்கும் ஏதோ ஒருவகையில் உறவாக இருக்கும் ஊரில், முறையிடப் போகின்றவளும் முறையிடப்படுபவனும் ஒரே படகில் ஏற வேண்டிவரும். அவள் எதற்காகக் கரைக்குப் போகிறாள் என்பதைப் படகிலுள்ளோர் அனைவரும் அறிவர். அவள் திரும்பி வருகையில் வீட்டு மானம் கடலில் போயிற்று என்பர். எனவே பெரும்பாலோர் படகேறுவதில்லை. மௌனம் என்பது பெண்ணின் இயல்பான நாணத்திலிருந்து பிறப்பதென்று சொல்வோர் இந்தப் படகை நினைத்துப் பார்த்தல் நன்று. அது புவியியலாலும் உறவு முறையாலும் சொத்துரிமையாலும் கட்டப்பட்ட ஒரு மதில்.

சொத்துரிமை என்று நாம் சொல்வது காரணமின்றி அன்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சீதனமாகச் சொத்தைக் கொடுத்தது. ஆனால் மணமான பெண் தன்னுடைய அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. காணி அவள் பெயரில் இருக்கும். அதன் திறவுகோல் அவன் மடியில் இருக்கும். சீதனத்தால் விலை குறிக்கப்பட்ட உடலுக்குக் ‘குறை’ நேர்ந்துவிட்டால் விலை வீழ்ந்துவிடும் என்ற கணக்கு, மானம் என்ற அழகிய சொல்லின் அடியில் ஒளிந்து கிடக்கின்றது. மானத்தின் பெயரால் விதிக்கப்படும் மௌனத்துக்கு இத்தகைய பொருளாதார அடிப்படையும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

மணிபல்லவத்துக்கு வந்த பெண்

இத்தீவுகளோடு தொடர்புபடுத்தப்படும் மிகப் பழைய இலக்கியம் மணிமேகலை. அதில் வரும் மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதினர், மாறுபட்டோரும் உளர். இடம் எதுவாயினும் ஆகுக. அவள் அத்தீவுக்கு ஏன் வர நேர்ந்தது என்பதே நமக்கு முக்கியமானது.

சோழ இளவரசன் உதயகுமரன் அவளைத் துரத்துகிறான். உவவனத்தில் அவள் பளிக்கறைக்குள் புகுந்து ஒளிகிறாள். கணிகையர் குலத்தில் பிறந்தவள் என்பதால் அவள் மறுக்க உரிமையற்றவள் என்பது அவன் எண்ணம். அவளுடைய பாட்டி சித்திராபதியின் எண்ணமும் அதுவே. பிறப்பால் ஒரு பெண்ணின் உடலைப் பொதுவுடைமையாக்கும் சமுதாயத்தின் குரல் இது. இந்நிலையில் தெய்வம் அவளைத் துயிலில் எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் சேர்க்கின்றது. ஆகவே நமது தீவகம் இலக்கியத்தில் நுழையும்பொழுதே, ஆண் ஒருவனின் வன்முறைக்குத் தப்பி வந்த பெண்ணின் புகலிடமாக நுழைகின்றது.

காப்பியம் இத்துடன் நிற்கவில்லை. உதயகுமரன் மாண்டபின் அவனுடைய தாயாகிய அரசி, சிறையிலிருந்த மணிமேகலையைத் தன்னிடம் வைத்துப் பழிவாங்க முயல்கிறாள். கல்லாத இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து அவளைக் கெடுக்கும்படி ஏவுகிறாள். மணிமேகலை மந்திரத்தால் ஆண் வடிவம் கொள்ள, அவன் அஞ்சி ஓடுகிறான். பாலியல் வன்முறையை அதிகாரம் ஒரு தண்டனைக் கருவியாகப் பயன்படுத்தும் என்ற உண்மையைச் சாத்தனார் அன்றே அறிந்திருந்தார் என்பது வியப்புக்குரியது. ஆனால் அவர் கண்ட விடிவு மந்திரமேயாகும். இளவரசனின் வேட்கைக்கு முற்பிறப்பில் அவன் அவளுக்குக் கணவனாயிருந்தமை காரணம் என்றும் காப்பியம் அமைதி கூறுகின்றது. வினைப்பயன் என்னும் திரை, வன்முறையின் முகத்தை மூடிவிடுகின்றது. எழுவைதீவுப் பெண்ணுக்கோ புங்குடுதீவுப் பெண்ணுக்கோ உருமாறும் மந்திரம் கிடையாது. பெண்ணுருவோடே அவள் வாழ்ந்தாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த கருவி வேறு.

கண்ணகையும் ஒப்பாரியும்

அக்கருவியின் பழைய வடிவங்கள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று கண்ணகை வழிபாடு. அரசவைக்குத் தனியே சென்று, தலைவிரி கோலமாய், சான்றைக் கையிலேந்தி, அரசனைக் குற்றவாளி என்று சொன்ன பெண்ணை ஈழத்துத் தமிழர் அம்மனாக்கினர். புங்குடுதீவிலும் கண்ணகை அம்மனுக்குக் கோவில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முதலியோர் கண்ணகை வழிபாட்டை ஆகம நெறிக்கு ஒவ்வாதது எனக் கண்டித்தனர். அதன் பின்னர் யாழ்ப்பாணத்துக் கண்ணகை கோவில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பூண்டன. பெயர் மாறியதோடு ஒரு நினைவும் மங்கியது. முறையிட்ட பெண் மறைந்தாள். கற்புத் தெய்வம் எஞ்சினாள். கண்ணகையின் கையிலிருந்த சிலம்பு வழக்கின் சான்றுப் பொருள் என்பதை மறந்து, அதனை அவளுடைய கற்பின் அணியாக மட்டும் கொண்டாடியது நமது பிற்காலம்.

மற்றது ஒப்பாரி. அதனை இழவு வீட்டுச் சடங்கு என்று ஒதுக்குவோர் அதன் பொருளைக் கேட்டதில்லை. செத்தவரைப் பாடுவதாகத் தொடங்கும் பெண், தன்னை ஏமாற்றிய தமையனையும், வதைத்த மாமியையும், அடித்த கணவனையும் இடையிடையே பாடிவிடுவாள். வேறெந்நாளும் வாய் திறக்க முடியாததை அன்று பலர் நடுவே உரத்துச் சொல்லலாம், எவரும் தடுக்கமாட்டார். பெண்ணுக்கு உரத்துப் பேசுவதற்கு இச்சமுதாயம் மனமுவந்து அளித்த ஒரே மேடை பிணத்தின் தலைமாடு. பெண்ணே ஆக்கி, பெண்ணே பாடி, பெண்ணே கேட்ட இக்கலையை, வன்முறைக்கு எதிரான நமது முதற் கலைவடிவம் என்று சொன்னால் மிகையாகாது. அதன் எல்லையும் வெளிப்படை. பிணம் எடுத்தவுடன் மேடை கலைந்துவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவன் துக்கம் விசாரித்துவிட்டுப் போய்விடுவான்.

பாஞ்சாலியின் சபை

இருபதாம் நூற்றாண்டில் தேசியம் எழுந்தபொழுது பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அவமானம் புதிய பொருள் பெற்றது. 1912இல் பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். சபையில் துகிலுரியப்படும் பெண், அடிமைப்பட்ட நாட்டின் உருவமாகவும் நிற்கிறாள். சும்மா பார்த்திருந்த பெரியோரைப் பாரதி சாடிய சாட்டை இன்றும் சுடுகின்றது. அவருடைய கையில் இவ்வுருவகம் விடுதலைக் கருவியாயிற்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் உருவகத்துக்கு ஒரு விலை உண்டு. பெண்ணின் உடல் நாட்டின் உடலாகிவிட்டால், அவள்மீது விழுந்த அடி இனத்தின்மீது விழுந்த அடியாகின்றது. பழி தீர்க்கும் உரிமை ஆண்களுடையதாகின்றது. அவளோ ஒரு கொடியாகிவிடுகிறாள். கொடிக்கு வாயில்லை. அதிலும் ஆபத்தானது யாதெனில், பகைவன் செய்த வன்முறை மட்டுமே கொடியில் எழுதப்படும். வீட்டில் நடந்ததற்கு அங்கு இடமில்லை. ஈழத்துக் கலை இலக்கியம் பின்னர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் இதுவேயாம்.

சொல்லாத சேதிகள்

இச்சிக்கலை முதன்முதல் தெளிவாகக் கண்டவர்கள் பெண்களே. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. பத்துப் பெண் கவிஞர்களின் இருபத்துநான்கு கவிதைகள் அதில் இருந்தன. சிறு நூல்தான். ஆனால் அதன் பெயரே ஒரு பிரகடனம். இராணுவம் சுற்றிவளைத்த நாட்களில், இனவிடுதலை ஒன்றே பேசத்தக்க பொருள் என்று கருதப்பட்ட வேளையில், வீட்டுக்குள் பெண் படும் பாட்டையும் தெருவில் அவள் படும் அச்சத்தையும் ஒரே நூலுக்குள் வைத்தனர். எது பெரிது, எது முதலில் என்ற வழக்கமான வினாவுக்கு அவர்கள் பணியவில்லை.

அக்கவிஞருள் ஒருவரான செல்வி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர். ‘தோழி’ என்ற பெண்ணிய இதழை நடத்தியவர். சீதனத்தைப் பற்றி ஒன்றும் பாலியல் வன்முறையைப் பற்றி ஒன்றுமாக நாடகங்களை உருவாக்கியவர். இவ்விரண்டையும் ஒருவரே எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. சந்தையில் பெண்ணுக்கு விலை குறிப்பதும் பற்றைக்குள் அவளைப் பறிப்பதும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பதை அரங்கம் காட்டிற்று. 1991 ஆகஸ்ட் 30 அன்று அவரை விடுதலைப் புலிகள் கைதுசெய்தனர், அவர் மீளவில்லை. 1992இல் சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருதளித்தது. அதனைப் பெற்றுக்கொள்ள அவர் வரவில்லை. இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்ட துன்பங்களை எழுத்தில் பதிந்த மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21 அன்றே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பிறன் செய்த வன்முறையைச் சொல்வோர்க்கு நம்மிடையே மேடை கிடைத்தது. எல்லார் வன்முறையையும் சொல்ல முனைந்த பெண்களுக்குக் கிடைத்தது இதுவே.

ஒரு பன்மை விகுதி

1996 செப்டெம்பர் 7 அன்று, க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தியைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் படையினர் மறித்துப் பிடித்தனர். வன்புணர்ந்து கொன்று புதைத்தனர். அவளைத் தேடிச் சென்ற தாயையும் தம்பியையும் அயலவர் ஒருவரையும் கொன்றனர். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றவாளி ஒருவன் அங்கே, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்றான். 2025இல் அதே செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தை அகழ்ந்தபொழுது நூற்றுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு பெண்ணுக்காகத் தோண்டத் தொடங்கிய மண், ஒரு சமுதாயத்தின் புதைகுழியைக் காட்டிற்று.

இதற்கு அடுத்த ஆண்டு, 1997 மே 17 அன்று, கிழக்கில் அம்பாறை மாவட்டத்தின் சென்ட்ரல் காம்ப் பகுதியில் கோணேஸ்வரி என்னும் தாய் கொல்லப்பட்டாள். பொலிஸார்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. வன்புணர்வுக்குப் பின் கைக்குண்டால் அவளுடைய உடல் சிதைக்கப்பட்டது. உடலோடு சான்றும் சிதைந்தது. கண்ணகைக்குக் கையில் ஒரு சிலம்பாவது மிஞ்சிற்று. இவளுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

சான்று அழிக்கப்பட்ட இவ்விடத்தில்தான் கலை எழுந்து நின்றது. கலா என்ற பெண் கவிஞர் ‘கோணேஸ்வரிகள்’ என்னும் கவிதையை எழுதினார். கவிதைக்குள் நாம் புகவேண்டியதில்லை, தலைப்பே போதும். அதிலுள்ள ‘கள்’ என்னும் விகுதியை நோக்குக. பொலிஸ் பதிவேட்டில் அவள் ஒருத்தி, ஒரு சம்பவம், ஓர் இலக்கம். செய்தித்தாளில் அவள் ஒருநாள் தலைப்பு. கவிஞர் ஒரு பன்மை விகுதியைச் சேர்த்தவுடன் அவள் ஒருத்தி அல்லள் என்பது வெளிப்பட்டது. முன்னும் பின்னும் நின்ற பெண்கள் அனைவரும் அப்பெயருக்குள் வந்துவிட்டனர். தனித்துக் கிடந்த துன்பத்தைச் சமுதாயத் துன்பமாக உயர்த்துவது முற்போக்குக் கலையின் கடமை என்று நாம் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். இரண்டெழுத்தில் அக்கடமை நிறைவேறியதை இங்கே காண்கிறோம்.

அப்பொழுது எழுந்த கூக்குரல் எது? கவிதை ஆபாசமானது, பெண் இப்படி எழுதலாமா என்றனர் சிலர். கோணேஸ்வரியின் உடலுக்கு நேர்ந்ததைக் கேட்டு எழாத அருவருப்பு, அவ்வுடலின் பெயரைச் சொல்லக் கேட்டவுடன் எழுந்தது. கொடுமை அடக்கமாக நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம், சொல் மட்டும் உரத்து வரலாகாது என்ற நியாயம் இது. மானம் என்னும் கருத்து யாரைக் காக்கிறது என்பது இவ்விடத்தில் வெட்டவெளிச்சமாயிற்று.

உலகின் வேறு கைகள்

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய ஓவியர் ஆர்த்தமீசியா ஜெந்திலெஸ்கி, தந்தையின் நண்பனான ஓவியன் ஒருவனால் 1611இல் வன்புணரப்பட்டார். மறுவருடம் ரோமில் நடந்த விசாரணையில், அவர் சொல்வது உண்மைதானா என்று அறிவதற்காக அவருடைய விரல்களைக் கயிற்றால் இறுக்கி வதைத்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவனின் விரல்கள் நெரிக்கப்படவில்லை. அவ்விரல்களால்தான் அவர் பின்னர், கொடுங்கோற் படைத்தலைவனின் தலையை யூதித்து அறுக்கும் ஓவியங்களைத் தீட்டினார்.

ஜெர்மானிய ஓவியர் கேதே கொல்விட்ஸ் 1908இல் நிறைவேற்றிய ‘விவசாயிகள் போர்’ என்ற அச்சோவிய வரிசை நம் வாசகர் அறியவேண்டிய ஒன்று. பதினாறாம் நூற்றாண்டின் உழவர் எழுச்சியைப் பற்றிய அவ்வரிசையில் ஏழு படங்கள். ஏர் இழுக்கும் மனிதர் முதற்படம். இரண்டாவது, வன்புணரப்பட்டுத் தோட்டத்துச் செடிகளிடையே கிடக்கும் ஒரு பெண். வேலிக்கு மேலாக ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. மூன்றாவதில் ஒரு பெண் அரிவாளைத் தீட்டுகிறாள். இவ்வரிசை முறையைச் சிந்திக்க வேண்டும். உழைப்பைச் சுரண்டுவதையும் உடலைச் சிதைப்பதையும் அடுத்தடுத்து வைத்து, எழுச்சிக்கு அவ்விரண்டுமே காரணம் என்கிறார் ஓவியர். அவள் நாட்டின் உருவகம் அல்லள். வேலி கட்டிய ஒரு தோட்டத்தில், ஒரு குழந்தை அறிந்த ஒரு பெண்.

இந்தியாவில் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ என்னும் சிறுகதையை மணிப்பூரின் கன்ஹைலால் 2000ஆம் ஆண்டில் நாடகமாக்கினார். சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண் ஆடையை மறுத்து அதிகாரியின்முன் நிற்கும் காட்சியில் சாவித்திரி நடித்தார். ஆபாசம் என்ற அதே குரல் அங்கும் கேட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 15 அன்று, மனோரமா என்ற பெண்ணின் கொலையைக் கண்டித்து இம்பாலில் காங்லா கோட்டை வாயிலில் பன்னிரண்டு தாய்மார் ஆடை களைந்து நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் படை அக்கோட்டையை விட்டு வெளியேறியது. கன்ஹைலாலின் அரங்கமும் தாய்மாரின் தெருவும் ஒரே மொழியைப் பேசின: வெட்கம் எங்களுடையது அன்று, உங்களுடையது.

புங்குடுதீவு கேட்ட வினா

இனி நமது தீவகத்துக்கு மீள்வோம். 1990க்குப் பின் இத்தீவுகள் அரச படைகளின் கட்டுப்பாட்டில் வந்தன. 1999 டிசம்பர் இறுதியில் புங்குடுதீவில் இளம்பெண் ஒருத்தி வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொலையுண்டாள். ஊரார் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினர், எவரும் தண்டிக்கப்படவில்லை. சீருடை அணிந்தவன் குற்றவாளி என்னும்பொழுது நமது கவிதைக்குத் தயக்கமிருக்கவில்லை. அவன் அந்நியன், அவனை நோக்கிக் கைநீட்டுவது எளிது.

போர் 2009இல் முடிந்தது. 2012 மார்ச்சில் நெடுந்தீவில் ஒரு சிறுமி வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டாள். 2015 மே 13 அன்று அதே புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி வீடு திரும்பவில்லை. மறுநாள் அவளுடைய உடல் பற்றைக்குள் கிடந்தது. வடக்கெங்கும் பாடசாலைகளும் கடைகளும் மூடப்பட்டன. மே 20 அன்று யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதி தாக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். 2017 செப்டெம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்கள் சீருடை அணிந்தவர் அல்லர், நமது மொழி பேசுவோர், ஊரோடு தொடர்புடையோர்.

இங்கேதான் புங்குடுதீவு நமது கலையை நோக்கி ஒரு வினாவைக் கேட்கின்றது. 1999இல் அழுத கண், 2015இல் அதே தெளிவோடு பார்த்ததா? போர் கற்றுக்கொடுத்த வன்முறை, வேலையற்ற இளைஞர், போதைப்பொருள், வெளிநாட்டுப் பணம் என்று காரணங்கள் பல கூறப்பட்டன. அவற்றுள் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவையனைத்தும் வெளியிலிருந்து வந்தவை என்ற ஆறுதலை நமக்குத் தருவன. சீதனச் சந்தையும், கணவன் அடித்தால் குடும்ப விடயம் என்னும் வழக்கும், பெண்பிள்ளை ஏன் தனியே போனாள் என்னும் கேள்வியும் நமது முற்றத்திலேயே முளைத்தவை. வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005இல் இலங்கையில் நிறைவேறிற்று. ஆயினும் சட்டம் சொல்வதை ஊர் கேட்க வேண்டுமானால், ஊர் முதலில் அதைப் பேசக் கற்க வேண்டும். பேசக் கற்பிப்பதே கலையின் வேலை.

அக்காலத்தில் இறந்த மாணவியின் உடற்படங்கள் கைக்குக் கை பரவின. அதனைச் செய்தோர் பலர் கோபத்தினாலும் இரக்கத்தினாலுமே செய்தனர். ஆனால் அது வன்முறையின் நீட்சியேயன்றி வன்முறைக்கு மறுமொழி ஆகாது. படம் அவளை மீண்டும் ஒருமுறை பற்றைக்குள் கிடத்துகின்றது. நல்ல கலை அவளை எழுப்பி நிறுத்துகின்றது. கொல்விட்ஸ் பெண்ணின் முகத்தை நிழலில் வைத்தார். வேலிமேல் குழந்தையின் தலையைக் காட்டினார். எதைக் காட்டுவது, எதைக் காவாது விடலாகாது என்னும் பொறுப்பு அவர் கையிலிருந்தது. கலைக்கும் காட்சிப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இப்பொறுப்பேயாகும்.

சொல்லும் அரங்கும்

பெண்களின் எழுத்தும் அரங்கும் செய்த ஒரு பெரும்பணியைக் குறிப்பிடாது விடலாகாது. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையே நாம் நெடுங்காலம் வழங்கினோம். அச்சொல்லில் குற்றவாளி இல்லை. பெண்ணிடமிருந்த ஏதோவொன்று அழிந்தது என்று மட்டுமே அது கூறும். இழந்தவள் அவள், குறைந்தவள் அவள். பெண்ணியர் இச்சொல்லை மறுத்துப் ‘பாலியல் வல்லுறவு’, ‘வன்புணர்வு’ என்னும் சொற்களை முன்வைத்தனர். இவற்றில் வன்மை இருக்கின்றது. வன்மை செய்தவன் இருக்கின்றான். ஒரு சொல் மாறியதில் பழி இடம்மாறிற்று. இன்று செய்தித்தாள்களும் பாடநூல்களும் இச்சொற்களை எடுத்துக்கொள்வது சிறு மாற்றமன்று. பழைய சொல்லை இன்னும் எழுதும் ஆசிரியர் எவரும் அதனை வகுப்பறைக்குள் கொண்டுசெல்லாதிருத்தல் நலம்.

அரங்கைப் பொறுத்தவரை மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வழிகாட்டியுள்ளது. 1991இல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களிடையே தோன்றி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்த அமைப்பு அது. அதனோடு இணைந்து இயங்கிய ஓவியர் வாசுகி ஜெயசங்கர் முதலியோர், ஓவியத்தையும் பாட்டையும் நாடகத்தையும் பெண்கள் கூடும் இடங்களுக்கே கொண்டுசென்றனர். கலைஞர் பேச, மக்கள் கேட்கும் முறை அங்கில்லை. பாதிக்கப்பட்ட பெண்களே பாடினர், தாமே ஆக்கினர். ஒப்பாரியின் பண்பு இங்கே புதிதாக உயிர்பெற்றதைக் காண்கிறோம், ஒரு வேறுபாட்டோடு. பாடுவதற்கு இப்பொழுது பிணம் தேவையில்லை, உயிரோடிருப்பவளுக்காகவே பாடலாம்.

முடிவாக

கலை நீதிமன்றத்துக்கு மாற்றாகாது. கவிதை எவனையும் சிறைக்கு அனுப்பியதில்லை. ஓவியம் எவளையும் உயிர்ப்பித்ததில்லை. அவ்வாறு எண்ணுவது கலையை மந்திரமாக்குவது. மணிமேகலையின் மந்திரத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் படகில் ஏறுவதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு தனியொருத்திக்கு வருவது அரிது. தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று அறிந்தவளுக்கு வரும். அந்த அறிவையே ‘கோணேஸ்வரிகள்’ என்ற பன்மை தந்தது. படகில் அவளோடு ஏறுவதற்கு இன்னும் நான்கு பெண்களும், தலை குனியாத இரண்டு ஆண்களும் இருப்பார்களாயின், துறையில் நிற்போரின் பார்வை மாறும்.

நமது பள்ளிக்கூடங்களில் தமிழ்த்தின விழாக்களும் கலை நிகழ்ச்சிகளும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. கண்ணகி வழக்குரைத்த காதை மேடையேறாத ஊரில்லை. அடுத்தமுறை அதனை மேடையேற்றும் ஆசிரியர்கள், கண்ணகியின் கற்பைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, அவளுடைய வழக்கைப் பற்றிப் பேசுவார்களாக. மாணவியர் ஒரு வினாவைக் கேட்கட்டும்: இன்று எங்கள் ஊரில் சிலம்போடு வருகின்றவளுக்கு வாயிற்காவலன் வழிவிடுவானா? அவ்வினா எழுவைதீவின் சிறு பள்ளிக்கூடத்திலும் கேட்கப்படும் நாளில், கலை தன் கடமையில் பாதியை நிறைவேற்றியதாகக் கொள்வோம். மறுபாதி, அதனைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.